கல்லீரலின் கடைமடை

1974ஆம் ஆண்டு நியூயார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அறுவைச் சிகிச்சை மருத்துவர் ஜான் ரான்சன் 11 அறிகுறிகள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டார். திடீர்க் கணைய அழற்சியோடு வருபவர்களில் யாருக்கு நோய் முற்றும், யார் தேறிவிடுவார் என்பதை முன்கூட்டியே கணிக்க முயன்ற பட்டியல் அது. ஐந்தை நோயாளி வந்தவுடன் பார்த்துவிட வேண்டும், மீதி ஆறை 48 மணி நேரத்துக்குள். வயது, வெள்ளை அணுக்கள், சர்க்கரை, கால்சியம் என்று போகும் அந்தப் பட்டியலில் இரண்டு வரிகள் இந்த அத்தியாயத்துக்கு உரியவை. இரத்தத்தில் எஸ்.ஜி.ஓ.டி. என்ற நொதி 250ஐத் தாண்டியிருக்கிறதா? உடலுக்குள் கசிந்து தேங்கிய நீர் 6 லிட்டருக்கு மேல் போயிருக்கிறதா? முதல் கேள்வி பெரும்பாலும் கல்லீரலைப் பற்றியது. இரண்டாவது, டிரிப் ஏற்றும் மருத்துவர் ஒவ்வொரு மணி நேரமும் தனக்குள் கேட்டுக்கொள்ள வேண்டியது.

பின்னர் 1992இல் அட்லாண்டாவில் கூடிய வல்லுநர்கள் இந்த நோய்க்குப் பொதுவான வகைப்பாடு ஒன்றை வகுத்தார்கள். 2012இல் அது திருத்தப்பட்டது. நுரையீரல், இரத்த ஓட்டம், சிறுநீரகம் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று 48 மணி நேரத்துக்கு மேல் செயலிழந்து கிடந்தால் அது கடுமையான கணைய அழற்சி. இன்று உலகெங்கும் மருத்துவமனைகளில் பின்பற்றப்படும் வரையறை இதுதான். இதில் கல்லீரல் கிடையாது. விட்டதிலும் நியாயம் உண்டு. பித்தக்கல் அடைத்தாலே பித்த நிறமியான பிலிருபின் இரத்தத்தில் ஏறிவிடும், ஆகவே அந்த எண்ணை வைத்துக் கல்லீரல் செயலிழந்ததாகச் சொல்ல முடியாது. மூன்று உறுப்புகளோடு நிறுத்திக்கொண்டால் அளப்பதும் ஒப்பிடுவதும் எளிது. ஆனால் வரையறையில் இல்லாத ஒன்றை வார்டில் தேடிப் பார்ப்பவர்கள் குறைந்துபோவார்கள். இந்த நோயில் ஏற்றும் ஒவ்வொரு பாட்டில் திரவத்தின் நன்மையும் தீமையும் கல்லீரலில்தான் மிகத் துல்லியமாகப் பதிகின்றன என்பது என் கருத்து. அது ஏன் என்று பார்ப்போம்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகப் படுத்திருக்கும் உறுப்பு. நீளம் 15 சென்டிமீட்டர், எடை 100 கிராமைச் சுற்றி. இந்தச் சிறிய உறுப்பு நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் வரை செரிமான நீரைச் சுரக்கிறது. புரதத்தையும் கொழுப்பையும் மாவையும் சிதைக்கும் நொதிகள் எல்லாம் அதில் உண்டு. கணையமே புரதத்தாலும் கொழுப்பாலும் ஆனது என்பதால், புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் செயலற்ற வடிவில்தான் தயாராகின்றன. டிரிப்சினோஜன் சிறுகுடலுக்கு வந்து சேர்ந்த பிறகு, அங்குள்ள என்டரோகைனேஸ் அதன் முனையிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டியெடுக்கும். அப்போதுதான் அது டிரிப்சின் ஆகும். அதன் பின் டிரிப்சினே மற்ற நொதிகளையும் எழுப்பிவிடும்.

இந்த எழுப்புதல் கணையத்துக்குள்ளேயே நடந்துவிட்டால்? 1896இல் பிராகில் பணியாற்றிய நோயியலாளர் ஹான்ஸ் கியாரி, கணைய அழற்சியின் அடிப்படை இதுதான், கணையம் தன் நொதிகளாலேயே செரிக்கப்படுகிறது என்று முன்மொழிந்தார். 1901இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், இந்நோயால் இறந்த ஒருவரின் உடலைப் பரிசோதித்த யூஜின் ஓப்பி, பித்தநாளமும் கணைய நாளமும் சேர்ந்து குடலுக்குள் திறக்கும் வாயிலில் ஒரு சிறு பித்தக்கல் சிக்கியிருப்பதைக் கண்டார். பித்தக்கல்லும் மதுவும் இன்றைக்கும் இந்நோயின் முதன்மைக் காரணங்கள். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் தாங்க முடியாத வலியோடு வருபவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நால்வருக்கு ஒரு வாரத்துக்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது. மீதிப் பேருக்கு அடங்குவதில்லை. அவர்களைப் பற்றியதுதான் இனி வருவது.

கணையத்திலிருந்து வெளியேறும் இரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. இரைப்பை, குடல், மண்ணீரல், கணையம் ஆகியவற்றின் சிரைகள் எல்லாம் கூடி போர்ட்டல் சிரையாகி, முதலில் கல்லீரலுக்குள் நுழைகின்றன. கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் முக்கால் பங்கு இந்த வழியாக வருவது. கால் பங்குதான் தமனி வழியே வருகிறது, ஆனால் கல்லீரலுக்குத் தேவையான ஆக்சிஜனில் பாதியை அந்தக் கால் பங்கு கொண்டுவருகிறது. ஆகவே கணையத்தில் எது உடைந்து இரத்தத்தில் கலந்தாலும் அதை முதலில் எதிர்கொள்வது கல்லீரல். டிரிப்சின், எலாஸ்டேஸ், பாஸ்போலிப்பேஸ், கூடவே அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்கள் என எல்லாம் சில நொடிகளில் அங்கே போய்ச் சேர்கின்றன.

அங்கே காத்திருப்பவை கூப்ஃபர் செல்கள். கல்லீரலின் நுண்ணிய இரத்தப் பாதைகளின் சுவரில் ஒட்டிக்கொண்டு, கடந்து போகும் பாக்டீரியாக்களையும் சிதைவுகளையும் விழுங்குபவை. உடலில் ஓரிடத்தில் நிலைத்திருந்து விழுங்கும் செல்களில் பெரும்பான்மை இவைதான். சாதாரண நாளில் குடலிலிருந்து கசிந்து வரும் கிருமிகளை ஓசையின்றி ஒழித்துக்கட்டும் இவை, கணைய அழற்சியின்போது வந்து மோதும் நொதிகளாலும் சைட்டோகைன்களாலும் தூண்டப்பட்டு, தாமே டி.என்.எஃப். ஆல்ஃபா, இன்டர்லூக்கின் 1, இன்டர்லூக்கின் 6 ஆகியவற்றைப் பெருமளவில் வெளியிடத் தொடங்குகின்றன. பக்கத்திலேயே இருக்கும் கல்லீரல் செல்கள் முதலில் அடிபடுகின்றன. அடுத்து அந்த இரத்தம் இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரலுக்குப் போகிறது.

இது வெறும் ஊகமாக நிற்கவில்லை. எலியின் கணைய நாளத்துக்குள் டாரோகோலேட் என்ற பித்த உப்பைச் செலுத்தினால் சில மணி நேரத்தில் கடுமையான கணைய அழற்சி உண்டாகும். அப்படி நோய் உண்டாக்கப்பட்ட எலிகளில், கூப்ஃபர் செல்களைக் கடோலினியம் குளோரைடு கொடுத்து முடக்கிப் பார்த்தார்கள். சேதம் குறைந்தது. 1990களில் பார்சிலோனா ஆய்வாளர்கள் இன்னொரு வழியில் சோதித்தார்கள். போர்ட்டல் இரத்தம் கல்லீரலுக்குள் நுழையாமல் நேரே பெருஞ்சிரைக்குப் போகும்படி அறுவைச் சிகிச்சை செய்துவிட்டு, பிறகு கணைய அழற்சியை உண்டாக்கினார்கள். நுரையீரலில் வழக்கமாகத் தோன்றும் அழற்சி தணிந்திருந்தது. கணையத்தின் தீ நுரையீரல் வரை பரவுவதற்குக் கல்லீரலும் துணைபோகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடைப்பது அரிது.

கல்லீரலின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஓடிப்போன டிரிப்சினையும் எலாஸ்டேஸையும் பிடித்து முடக்கும் ஆல்ஃபா 1 ஆன்டிடிரிப்சின், ஆல்ஃபா 2 மேக்ரோகுளோபுலின் ஆகிய புரதங்களைத் தயாரிப்பது கல்லீரல். இரத்தத்துக்குள் நீரைப் பிடித்துவைக்கும் ஆல்புமினைத் தயாரிப்பதும் அதுவே. கணைய அழற்சியின் கடுமையை அறிய 48 மணி நேரத்தில் மருத்துவர்கள் பார்க்கும் சி.ஆர்.பி. கூடக் கல்லீரலில் உருவாவதுதான். லிட்டருக்கு 150 மில்லிகிராமைத் தாண்டினால் நோய் கடுமையாகப் போகிறது என்று கணிப்பார்கள். நஞ்சை முறிக்கும் உறுப்பு நஞ்சின் முதல் தாக்குதலையும் வாங்கிக்கொண்டு நிற்கிறது. அதைக் காப்பாற்றுவது மற்ற உறுப்புகளைக் காப்பாற்றுவதும்தான்.

இப்போது நீருக்கு வருவோம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 1902இல் எர்னஸ்ட் ஸ்டார்லிங்கும் வில்லியம் பேலிஸும், சிறுகுடல் சுரக்கும் செக்ரெட்டின் என்ற பொருள் இரத்தம் வழியே சென்று கணையத்தைச் சுரக்கச் செய்வதைக் கண்டுபிடித்தார்கள். ஹார்மோன் என்ற கருத்தே அங்கிருந்துதான் பிறந்தது. அதே ஸ்டார்லிங் அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 1896இல், நுண்குழாய்களின் சுவர் வழியாக நீர் எப்படி வெளியே போகிறது, எது அதை உள்ளே நிறுத்துகிறது என்பதை விளக்கியிருந்தார். இரத்த அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது, பிளாஸ்மாவில் உள்ள புரதங்கள் உள்ளே இழுக்கின்றன. கணைய அழற்சியில் இந்தச் சமன் குலைகிறது. அழற்சியால் நுண்குழாய்ச் சுவர்கள் தளர்ந்து, நீரோடு புரதமும் சேர்ந்து வெளியேறுகிறது. ரான்சன் குறித்த 6 லிட்டரை நினைத்துப் பாருங்கள். உடலில் ஓடும் பிளாஸ்மா மொத்தமே 3 லிட்டரை ஒட்டித்தான். அதைப் போல இரு மடங்கு நீர் இரண்டே நாளில் வயிற்றுக்குள்ளும் கணையத்தைச் சுற்றிய திசுக்களிலும் போய்த் தேங்கிவிடுகிறது. வெளியே ஒரு சொட்டு இரத்தம் சிந்தாமல் நோயாளி அதிர்ச்சி நிலைக்குப் போய்விடுகிறார்.

குழாய்களுக்குள் இரத்தம் குறையும்போது உடல் ஒரு முடிவை எடுக்கிறது. மூளைக்கும் இதயத்துக்கும் ஓட்டத்தைக் காக்க, குடலுக்குப் போகும் தமனிகளைச் சுருக்கிவிடுகிறது. இரத்த அழுத்தக் கருவி இன்னும் நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். குடல் அதற்குள் வாடத் தொடங்கியிருக்கும். குடலுக்குப் போனது குறைந்தால், குடலிலிருந்து போர்ட்டல் சிரைக்கு வருவதும் குறையத்தானே வேண்டும்? கல்லீரலின் முக்கால் பங்கு வரத்து அங்கே அடிவாங்குகிறது. கல்லீரல் தமனி விரிந்து கொஞ்சம் ஈடுகட்டப் பார்க்கும், முழுதாக முடியாது. அத்தோடு, வாடிய குடல்சுவர் வழியாகப் பாக்டீரியாக்களும் அவற்றின் நச்சுப் பொருளான எண்டோடாக்சினும் போர்ட்டல் இரத்தத்தில் கசிந்து வந்து, ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும் கூப்ஃபர் செல்களை இன்னும் தூண்டுகின்றன.

கல்லீரலுக்குள் இந்தப் பஞ்சம் எல்லாச் செல்களையும் ஒரே மாதிரி தாக்குவதில்லை. 1954இல் டொராண்டோவில் ஏரன் ராப்பபோர்ட், இரத்தம் நுழையும் இடத்திலிருந்து உள்ள தொலைவை வைத்துக் கல்லீரல் செல்களை மூன்று வட்டாரங்களாகப் பிரித்துக் காட்டினார். இரத்தம் ஓரத்தில் நுழைந்து, செல்வரிசைகளுக்கு இடையே ஊர்ந்து, நடுவிலுள்ள சிரையில் போய் வடிகிறது. முழுத் தூரமும் அரை மில்லிமீட்டரைத் தாண்டாது. ஆனாலும் அந்தத் தூரத்துக்குள் காவிரி டெல்டாவின் கதை முழுவதும் நடக்கிறது. தலைமடைச் செல்களுக்கு ஆக்சிஜன் நிறைந்த இரத்தம். அவை எடுத்துக்கொண்டு விட்டதுதான் கடைமடைக்கு. வரத்து குறைந்தால் முதலில் காய்வது கடைமடை. வரத்து மிகுந்து வடிகால் அடைபட்டால் முதலில் மூழ்குவதும் அதே கடைமடை. டெல்டாவின் கடைக்கோடி விவசாயிக்கு இரண்டும் பழகிய துயரம். அதிர்ச்சி நிலையில் இறந்தவரின் கல்லீரலை நுண்ணோக்கியில் பார்த்தாலும், இதயச் செயலிழப்பால் இரத்தம் தேங்கி இறந்தவரின் கல்லீரலைப் பார்த்தாலும், செத்துக் கிடப்பவை நடுச்சிரையைச் சுற்றியுள்ள செல்களாகவே இருக்கின்றன.

இந்த இரண்டு துயரங்களும் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஒரு சிறிய ஆய்வு அரிய விடை தந்தது. இரத்த ஓட்டக் குறைவால் கல்லீரல் பழுதான 31 பேரை, விபத்தில் அடிபட்டு இரத்த அழுத்தம் வெகுவாக இறங்கிப்போன 31 பேரோடு ஒப்பிட்டார்கள். விபத்தில் அடிபட்டவர்களில் ஒருவருக்குக்கூட அந்த வகைக் கல்லீரல் பழுது வரவில்லை. பழுது வந்தவர்கள் எல்லாருக்கும் முன்பே இதய நோய் இருந்தது. பெரும்பாலோருக்கு வலப்பக்க இதயம் தளர்ந்து கல்லீரலில் இரத்தம் தேங்கியிருந்தது. அழுத்தம் இறங்குவது மட்டும் கல்லீரலை வீழ்த்தப் போதவில்லை. வடிகாலும் அடைபட்டிருக்க வேண்டியிருந்தது. டிரிப்பை வேகமாகத் திறந்துவிடும்போது மனதில் இருத்த வேண்டிய தகவல் இது.

சிரை வழியே உப்புநீர் ஏற்றும் வழக்கம் காலராவிலிருந்து வந்தது. 1832இல் ஸ்காட்லாந்தின் லீத் நகரில் தாமஸ் லட்டா என்ற மருத்துவர், காலராவால் நாடித்துடிப்பே இல்லாமல் கிடந்த ஒரு மூதாட்டிக்கு அரை மணி நேரத்தில் 6 பைண்ட், அதாவது மூன்று லிட்டருக்கும் மேல், உப்புநீரை ஏற்றினார். வற்றிய முகம் தெளிந்தது, நாடி திரும்பியது. லட்டா அவரை மருத்துவமனை ஊழியர் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனார். வயிற்றுப்போக்கும் வாந்தியும் மீண்டும் தொடங்க, ஐந்தரை மணி நேரத்தில் மூதாட்டி இறந்தார். ஏற்றியது போதவில்லை, தொடர்ந்து ஏற்றியிருக்க வேண்டும் என்று லட்டா உணர்ந்தார். காலராவுக்கு அந்தப் பாடம் முழுக்கச் சரி. காலராவில் நீர் உடலை விட்டே வெளியேறுகிறது, நுண்குழாய்ச் சுவர்கள் தளர்வதில்லை. ஏற்றிய நீர் ஏற வேண்டிய இடத்துக்குப் போகும்.

கணைய அழற்சிக்கு அந்தப் பாடம் அப்படியே எடுத்துவரப்பட்டது. காரணம் இல்லாமல் இல்லை. நோயாளி வரும்போது ஹெமட்டோகிரிட் 44 சதவீதத்தைத் தாண்டியிருந்தால், அதாவது நீர் கசிந்து இரத்தம் கெட்டிப்பட்டிருந்தால், கணையம் அழுகும் வாய்ப்பு அதிகம் என்று 2000ஆம் ஆண்டையொட்டிப் பாஸ்டனிலிருந்து வந்த ஆய்வுகள் காட்டின. கெட்டிப்பட்ட இரத்தம் கணையத்தின் நுண்குழாய்களில் ஓடாது, ஆகவே சீக்கிரம் நிறைய நீர் ஏற்றி இளக்கிவிட வேண்டும் என்ற முடிவு இயல்பாகப் பிறந்தது. 2013இல் அமெரிக்க இரைப்பைக் குடல் மருத்துவர் கல்லூரியின் வழிகாட்டி மணிக்கு 250 முதல் 500 மில்லிலிட்டர் வரை பரிந்துரைத்தது. ஆனால் கசியும் குழாயில் ஊற்றும் நீரும் கசியும். நலமாக இருப்பவருக்கு ஏற்றிய ஒரு லிட்டர் உப்புநீரில்கூட ஒரு மணி நேரம் கழித்துக் கால் பங்களவுதான் இரத்தக் குழாய்களுக்குள் மிஞ்சும். கணைய அழற்சியில் அதுவும் மிஞ்சாது.

எச்சரிக்கை மணி 2009இல் ஷாங்காயில் ஒலித்தது. அங்குள்ள மருத்துவர்கள் கடுமையான கணைய அழற்சி நோயாளிகள் 76 பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்கு 10 முதல் 15 மில்லிலிட்டர். மற்றக் குழுவுக்கு 5 முதல் 10. வேகமாக ஏற்றப்பட்டவர்களில் நூற்றுக்கு 69 பேர் பிழைத்தார்கள், நிதானமாக ஏற்றப்பட்டவர்களில் 90 பேர். இன்னொரு எண் நம் கதைக்கு இன்னும் நெருக்கமானது. வயிற்றுக்குள் அழுத்தம் ஏறி உறுப்புகள் நசுங்கும் நிலை முதல் குழுவில் நூற்றுக்கு 72 பேருக்கு வந்தது, இரண்டாவது குழுவில் 32 பேருக்கு. அதே மருத்துவர்கள் அடுத்த ஆண்டு வெளியிட்ட ஆய்விலும் இரத்தத்தை அவசர அவசரமாக இளக்கியவர்களுக்கே கிருமித் தொற்றும் மரணமும் அதிகம்.

வயிற்று அழுத்தம் கல்லீரலை என்ன செய்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். சாதாரணமாக வயிற்றுக்குள் 5 முதல் 7 மில்லிமீட்டர் பாதரச அளவு அழுத்தம் இருக்கும். 12ஐத் தாண்டினால் அதிகம். 20ஐத் தாண்டி, கூடவே ஓர் உறுப்பும் புதிதாகச் செயலிழந்தால் ஆபத்து உச்சம். இந்த எண்களை போர்ட்டல் சிரையின் அழுத்தத்தோடு வைத்துப் பாருங்கள். அதுவே 5 முதல் 10தான். கல்லீரலுக்குள் நுழையும் இரத்தத்துக்கும் வடியும் இரத்தத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம் 5ஐத் தாண்டுவதில்லை. தமனிகளில் 90, 100 என்று அழுத்தம் இருப்பதால் சிறுநீரகமும் மூளையும் கொஞ்சம் எதிர்த்து நிற்கலாம். போர்ட்டல் சிரைக்கு அந்த வசதி இல்லை. வயிற்றின் அழுத்தம் சற்றே ஏறினாலும் அதன் ஓட்டம் சுணங்கும். மறுபுறம், கல்லீரலின் வடிகாலான கல்லீரல் சிரைகள் இதயத்துக்கு வெகு அருகில், வால்வுகள் எதுவும் குறுக்கே இல்லாமல் பெருஞ்சிரையில் திறக்கின்றன. மிகையாக ஏற்றிய திரவத்தால் இதயத்தின் வலப்பக்கத்தில் அழுத்தம் ஏறினால், அது தடையின்றிக் கல்லீரலுக்குள் திரும்பி வரும். வரத்தும் சுணங்கி, வடிகாலும் அடைபடுகிறது.

2022இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியான வாட்டர்ஃபால் ஆய்வு இந்தக் கேள்வியைப் பரந்த அளவில் எடுத்துக்கொண்டது. ஸ்பெயினின் அலிகான்டேயைச் சேர்ந்த என்ரிக்கே தெ மடாரியா தலைமையில் ஸ்பெயின், இத்தாலி, மெக்சிகோ, இந்தியா ஆகிய நாடுகளில் 18 மையங்களில் நடந்தது. தீவிரக் குழுவுக்கு முதல் இரண்டு மணி நேரத்தில் கிலோவுக்கு 20 மில்லிலிட்டர், பிறகு மணிக்கு 3. மிதமான குழுவுக்கு நீர் வற்றியிருந்தால் மட்டும் முதலில் 10, பிறகு எல்லாருக்கும் மணிக்கு ஒன்றரை. 60 கிலோ எடையுள்ளவர் என்றால் மணிக்கு 180 மில்லிலிட்டரா, 90 மில்லிலிட்டரா என்பதுதான் வித்தியாசம். 249 பேரைச் சேர்த்திருந்தபோது ஆய்வை நிறுத்திவிட்டார்கள். உடலில் திரவம் மிகுந்து மூச்சுத் திணறல் போன்ற விளைவுகள் தீவிரக் குழுவில் 20.5 சதவீதம், மிதமான குழுவில் 6.3. நோய் முற்றாமல் தடுப்பதிலாவது பலன் உண்டா என்றால், அங்கும் இல்லை: 22.1 சதவீதம், 17.3 சதவீதம். பத்தாண்டுகள் உலகமே கடைப்பிடித்த ஒரு வழக்கத்தை நெறியோடு சோதித்து, தீங்கு தெரிந்தவுடன் நிறுத்திய அந்த ஆய்வுக் குழுவுக்கு நோயாளிகள் கடன்பட்டிருக்கிறார்கள்.

எதை ஏற்றுவது என்ற கேள்வியிலும் கல்லீரல் வந்து நிற்கிறது. நம் மருத்துவமனைகளில் என்.எஸ். என்று சொல்லப்படும் சாதாரண உப்புநீரில் லிட்டருக்கு 154 மில்லிமோல் குளோரைடு. இரத்தத்தில் இருப்பதோ நூற்றைச் சுற்றி. நிறைய ஏற்றினால் இரத்தம் அமிலமாகும். ஆர்.எல். எனப்படும் ரிங்கர் லாக்டேட்டில் குளோரைடு 109, கூடவே 28 மில்லிமோல் லாக்டேட். சிட்னி ரிங்கரின் பழைய கரைசலில் லாக்டேட்டைச் சேர்த்தவர் 1930களில் செயின்ட் லூயிஸின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த குழந்தை மருத்துவர் அலெக்சிஸ் ஹார்ட்மன். லாக்டேட் கல்லீரலுக்குப் போய் எப்படிக் குளுக்கோஸாகிறது என்பதை விளக்கிய கார்ல் கோரியும் கெர்ட்டி கோரியும் அதே காலத்தில் அதே பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார்கள் என்பது எனக்கு மிகப் பிடித்த வரலாற்றுத் தற்செயல். ஹார்ட்மனின் நோக்கம் நிறைவேற வேண்டுமானால், லாக்டேட்டைக் கல்லீரல் எரித்து அமிலத்தன்மையைக் குறைத்துக் கொடுக்க வேண்டும். கல்லீரல் தளர்ந்துவிட்டால் அந்த வேலை தாமதமாகும். இரத்தத்தில் லாக்டேட் எண் ஏறியிருப்பதற்கு ஓட்டக் குறைவு காரணமா, கல்லீரலின் இயலாமை காரணமா என்று பிரித்தறிவதும் கடினமாகும்.

2011இல் 40 நோயாளிகளிடம் செய்த ஒரு சோதனையில், உப்புநீர் பெற்றவர்களைவிட ஆர்.எல். பெற்றவர்களுக்கு அழற்சி வேகமாகத் தணிந்தது, சி.ஆர்.பி.யும் குறைவாக இருந்தது. 2014இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளில் ஒரு காரணத்தைக் கண்டார்கள். லாக்டேட் வெறும் எரிபொருள் மட்டும் இல்லை, ஜி.பி.ஆர். 81 என்ற ஏற்பி வழியாக அழற்சிச் செல்களை அமைதிப்படுத்தி, கணையச் சேதத்தையும் கல்லீரல் சேதத்தையும் ஒருசேரக் குறைத்தது. ஹைட்ராக்சிஎத்தில் ஸ்டார்ச்சுக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. குழாயை விட்டு எளிதில் கசியாத பெரிய மூலக்கூறு என்பதால் அதன் மேல் பெரிய நம்பிக்கை இருந்தது, எலிகளிலும் நல்ல பலன் தெரிந்தது. 2012இல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் கடுமையான கிருமித் தொற்றுள்ள 798 பேரிடம் சோதித்தபோது, ஸ்டார்ச் பெற்றவர்களில் 51 சதவீதம் பேர் 90 நாளுக்குள் இறந்திருந்தார்கள், ரிங்கர் அசிட்டேட் பெற்றவர்களில் 43 சதவீதம். எலியிலிருந்து மனிதனுக்கு வரும் பாதையில் இப்படி வழுக்கி விழுந்த மருந்துகள் பல என்பதால், யேலின் முடிவையும் நான் நம்பிக்கையோடும் பொறுமையோடும்தான் பார்க்கிறேன்.

இனி ஒரு ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொள்வோம். எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் நொதிகள் இரண்டும் ஏறியிருக்கின்றன. யார் காரணம்? வந்த நாளிலேயே எஸ்.ஜி.பி.டி. 150ஐத் தாண்டியிருந்தால் பெரும்பாலும் பித்தக்கல். கல் குடலுக்குள் வழுக்கிப் போய்விட்டால் எண்கள் தாமே இறங்கும். இறங்காமல் மஞ்சள் காமாலை கூடி, காய்ச்சலும் குளிரும் வந்தால் அடைப்பை உடனே நீக்க வேண்டும், டிரிப்பை மாற்றிப் பயனில்லை. எஸ்.ஜி.ஓ.டி., மற்றதைப் போல இரு மடங்கு இருந்தால் பழைய மதுப் பழக்கத்தை நினைக்க வேண்டும். முந்தின நாள் சாதாரணமாக இருந்த எண்கள் ஒரே இரவில் ஆயிரக்கணக்கில் பாய்ந்து, எல்.டி.எச். என்ற நொதியும் கூட ஏறினால், கடைமடைச் செல்கள் செத்துக்கொண்டிருக்கின்றன. ஓட்டம் சீரானால் அதே எண்கள் சில நாளில் மளமளவென்று சரியும். நான்கைந்து நாள் கழித்து, நொதிகள் அதிகம் ஏறாமல் பிலிருபின் மட்டும் மெல்ல மெல்ல ஏறினால் கிருமித் தொற்றைத் தேட வேண்டும். கணையத்தின் தலைப்பகுதி வீங்கிப் பித்தநாளத்தை அழுத்துகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒற்றை ரிப்போர்ட்டை வைத்து இவற்றில் எதையும் சொல்லிவிட முடியாது. நேற்றைய எண்ணும் இன்றைய எண்ணும் அருகருகே வேண்டும். நோயாளியின் குடும்பத்தார் பழைய ரிப்போர்ட்டுகளைக் கோப்பில் போட்டுக் கையோடு கொண்டுவருவது எவ்வளவு பெரிய உதவி என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

ஓட்டம் குறைந்ததால் கல்லீரல் அடிபட்டது என்று முடிவானாலும், உடனே இன்னும் ஒரு பாட்டிலை மாட்டிவிடக் கூடாது. குறைந்தது வரத்தா, அடைபட்டது வடிகாலா? இரண்டுக்கும் சிகிச்சை எதிரெதிர். சிறுநீர் மணிக்கு, கிலோவுக்கு அரை மில்லிலிட்டராவது வருகிறதா, ஹெமட்டோகிரிட்டும் யூரியாவும் இறங்குகின்றனவா, மூச்சு வாங்குகிறதா, சிறுநீர்ப்பைக் குழாய் வழியே அளக்கும் வயிற்று அழுத்தம் என்ன என்று பார்ப்பார்கள். வாட்டர்ஃபால் ஆய்வில் 3, 12, 24, 48, 72 மணி நேரங்களில் நோயாளியைத் திரும்பத் திரும்ப மதிப்பிட்டார்கள். ஆய்வின் பெயரையும் எண்களையும் மறந்தாலும் இந்த நேர அட்டவணையை மறக்கக் கூடாது என்பேன். அண்மைக் காலத்தில் அல்ட்ராசவுண்டும் சேர்ந்திருக்கிறது. 2020இல் மான்ட்ரியல் மருத்துவர்கள், இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் பெருஞ்சிரை, கல்லீரல் சிரை, போர்ட்டல் சிரை, சிறுநீரகச் சிரை ஆகிய நான்கின் ஓட்டத்தையும் பார்த்துத் தேக்கத்தை மதிப்பிடும் முறையை வெளியிட்டார்கள். போர்ட்டல் சிரையில் ஓட்டம் சாதாரணமாகச் சீராக இருக்கும். வலப்பக்க இதயத்தின் அழுத்தம் கல்லீரலைத் தாண்டிப் பின்னோக்கி வந்துவிட்டால், அந்தச் சீரான ஓட்டம் நாடித்துடிப்போடு சேர்ந்து ஏறி இறங்கத் தொடங்கும். விலா எலும்புகளுக்கு இடையே கருவியை வைத்துக் கட்டிலருகிலேயே பார்த்துவிடலாம்.

வாட்டர்ஃபால் ஆய்வுக்கு ஓர் எல்லை உண்டு. சேரும்போதே அதிர்ச்சி நிலையிலோ, மூச்சுத் திணறலோடோ, சிறுநீரகம் செயலிழந்தோ வந்தவர்களை அதில் சேர்க்கவில்லை. கல்லீரல் அதிகம் அடிபடுவது அவர்களுக்குத்தான். அவர்களுக்கு முதல் சில மணி நேரத்தில் திரவம் கட்டாயம் தேவை. அப்போது தயங்குவதும் கொல்லும். 250 அல்லது 500 மில்லிலிட்டராக ஏற்றி, பலன் பார்த்து, மறுபடி ஏற்றுவது; பலன் நின்றுவிட்டால் திரவத்தை நிறுத்திவிட்டு, இரத்த அழுத்தத்தைத் தாங்கும் நார்அட்ரினலின் போன்ற மருந்துக்கு மாறுவது என்பதுதான் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இன்று பெரும்பாலோர் செல்லும் வழி.

சில நாள்கள் கடந்து அழற்சி தணியத் தொடங்கியதும் நுண்குழாய்ச் சுவர்கள் மீண்டும் இறுகும். திசுக்களில் தேங்கிய நீர் இரத்தத்துக்குத் திரும்பி வரும், சிறுநீர் தாராளமாகப் போகும். முதல் நாள் எழுதிய டிரிப் உத்தரவு அப்போதும் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தால், கசிவு நின்ற உடலில் அது நேராகச் சிரைகளை நிரப்பும். குடலைப் பட்டினி போடும் பழைய வழக்கமும் மாறிவிட்டது. 2014இல் நெதர்லாந்தில் 208 பேரிடம் செய்த ஆய்வில், முதல் நாளிலேயே மூக்குக் குழாய் வழியே உணவு கொடுப்பதும், மூன்று நாள் வரை பொறுத்து நோயாளி விரும்பியபடி வாயால் உண்ண விடுவதும் ஒரே பலனைத் தந்தன. ஆகவே வலி குறைந்து, வாந்தி நின்று, பசிக்கிறது என்று நோயாளி சொன்னால் அன்றே கொடுக்கலாம். உணவு பட்ட குடல்சுவர் உறுதியாக இருக்கும், போர்ட்டல் சிரைக்குள் கிருமிகள் கசிவது குறையும். வாயால் போதுமான அளவு உண்ணவும் குடிக்கவும் தொடங்கியதும் டிரிப்பைக் கழற்றிவிடலாம்.